பலூன் உப்பியது, அடுப்பு எரியவில்லை

அந்தப் பொங்கல் விடுமுறையில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. போகிக்கு முன்பே பாதிச் சென்னை ஊருக்குக் கிளம்பிவிட்டது. பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு தடத்தை முழுக்க அடைத்துக்கொண்டது.
2. ஊருக்குப் போகிறவர்கள் இட்லி மாவு வாங்குவதில்லை. கடை ஃப்ரிட்ஜுகளில் பாக்கெட்டுகள் அப்படியே கிடந்தன, புளித்தன, உப்பின.
3. உப்பிய பாக்கெட்டுகள் வேன் வேனாக மாவுக் கம்பெனிக்கே திரும்பி வந்தன.
4. வழக்கமாக அந்தப் பழைய மாவை மாடுகளுக்கு எடுத்துப்போகும் குன்றத்தூர்க்காரர் வரவில்லை. மாட்டுப் பொங்கல் வாரத்தில் மாட்டுக்குப் புளித்த மாவை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.
5. இடம் இல்லாததால் பாக்கெட்டுகளை அறுத்து, மாவைக் கழிவுநீர்க் குழியில் கொட்டினார்கள். பம்பு அதைத் தொட்டிக்கு ஏற்றியது.
6. தொட்டியின் வாயு சேரும் பலூன், நான் ஒருநாளும் பார்க்காத அளவுக்கு உப்பியது.
7. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.
8. தொட்டி செத்துக்கொண்டிருந்தது.

ஏழும் எட்டும் ஒரே நேரத்தில் நடந்தவை. என் இடத்துக்கு வரும் உங்களுக்கு இதை எழுதுவதே அந்த இரண்டு வரிகளுக்காகத்தான்.

அடுத்த மாதத்திலிருந்து நான் தளத்தில் இருக்க மாட்டேன். அலுவலகத்தில் உட்கார்ந்து தொட்டிகளுக்கு வரைபடம் போடும் வேலை. கழிவுநீர் நிலையங்களை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளும் வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன், போதும். பம்பை எப்படிக் கழற்றுவது, மாதிரி எப்படி எடுப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. நீங்கள் படித்தவர்கள், பார்த்துக்கொள்வீர்கள். எல்லாரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்ன சொல்வது என்பது கையேட்டில் இல்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பெருங்களத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்த மாவுக் கம்பெனிக்கு உங்களில் ஒருவர் போக வேண்டியிருக்கும். முதலாளி கோதண்டம் சார். அவர் அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்தது. இப்போது அதே மண்ணில் கிரைண்டர்கள் ஓடுகின்றன, மூன்று பக்கமும் அடுக்குமாடி வீடுகள். உற்பத்தியைப் பார்த்துக்கொள்பவர் பிரேமா அக்கா. பாக்கெட் போடும் பெண்கள் எல்லாரும் அவர் கையில். கழிவுநீர்ப் பகுதியில் நம் ஆள் தனசேகர். வாய் கொஞ்சம் அதிகம், வேலையில் குறை சொல்ல முடியாது.

கிரைண்டர், அண்டா, தரை எல்லாவற்றையும் கழுவிய தண்ணீர் குழியில் சேரும். குழியிலிருந்து காற்று புகாத மூடிய தொட்டிக்குப் போகும். தொட்டியில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயு ஆக்கும். வாயு பலூனில் சேர்ந்து, குழாய் வழியாகக் கேன்டீன் அடுப்புக்குப் போகும். தொழிலாளர்கள் குடிக்கும் டீ அந்த அடுப்பில் போடுவதுதான். மிச்சத் தண்ணீர் இன்னும் ஒரு கட்டம் சுத்தமாகி, கால்வாய் வழியே ஏரியில் கலக்கும்.

அந்த ஏரிதான் பிரச்சினை. முந்தைய மழைக்காலத்தில் ஏரியில் நுரை மிதந்தது என்று கரையில் குடியிருப்பவர்கள் புகார் கொடுத்தார்கள். அதிகாரி வந்து பார்த்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் கம்பெனிக்குச் சீல்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். தொட்டி செத்தால், அடுத்த கட்டம் அந்தச் சுமையைத் தாங்காது. தண்ணீர் அப்படியே ஏரிக்குப் போகும். செத்த தொட்டியைக் காலி செய்து மறுபடி உயிர்ப்பிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆகவே தொட்டி போனால் கம்பெனியும் போகும்.

இப்போது தொட்டிக்குள் இருப்பவர்களைப் பற்றி. பெயர்கள் உங்களுக்குத் தெரியும், அவற்றைப் பரீட்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் நிற்கும்போது இரண்டு கூட்டம் என்று நினைத்தால் போதும்.

முதல் கூட்டம் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலம் ஆக்குகிறது. வேகமான கூட்டம். எதைப் போட்டாலும் தின்னும், சீக்கிரம் பெருகும், புளிப்பு ஏறினாலும் கவலைப்படாது. இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் ஆக்குகிறது. மெதுவான கூட்டம். பெருக நாட்கள் எடுக்கும். தண்ணீரின் பிஎச், அதாவது புளிப்பு ஏறினால் இறங்கும் அந்த எண், ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆறரைக்குக் கீழே போனால் சோர்ந்துவிடும், இன்னும் இறங்கினால் நின்றுவிடும்.

முதல் கூட்டம் ஆக்குவதை இரண்டாவது கூட்டம் உடனுக்குடன் தின்று தீர்க்கும்வரை ஒன்றும் தெரியாது. ஒரேயடியாகச் சாப்பாடு வந்து விழுந்தால் முதல் கூட்டத்துக்குத் திருவிழா. அமிலம் தேங்கும். தேங்கிய அமிலத்தில் இரண்டாவது கூட்டம் சோரும். அது சோரச் சோர அமிலம் இன்னும் தேங்கும். நடுவில் தண்ணீரில் இருக்கும் காரத்தன்மை கொஞ்ச நேரம் அமிலத்தை உள்வாங்கிக்கொள்ளும். அதுவரை பிஎச் மீட்டரில் எண் பெரிதாக அசையாது. காரத்தன்மை தீரும்போதுதான் எண் இறங்கும், அப்போது தடதடவென்று இறங்கும்.

இன்னொன்று. அமிலமும் காரத்தன்மையும் மோதும்போது கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். பலூன் உப்பும். ஆனால் அது எரியாது.

காணும் பொங்கல் அன்று காலை நான் சிட்லபாக்கத்தில் வீட்டில் இருந்தேன். கம்பெனி வாட்ஸாப் குழுவில் கோதண்டம் சார் பலூன் படத்தைப் போட்டிருந்தார். கீழே, ‘நம்ம தொட்டியும் பொங்கிடுச்சு!’ வரிசையாகக் கைதட்டல்கள். தனசேகர் குரல் பதிவு அனுப்பியிருந்தான்.

“மேடம், பலூன் சும்மா கும்முனு கீது. நீங்க லீவுல போனாதான் தொட்டி நல்லா வேல செய்யுது போல.”

நான் ஒரே கேள்வி கேட்டேன். அடுப்பு எரிகிறதா?

“கேன்டீன் லீவு மேடம். யாரு பத்த வெப்பா?”

“நீங்க பத்த வெச்சுப் பாருங்க.”

கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். “பத்த மாட்டேங்குது மேடம். லைட்டர் ஒரே பேஜாரு.”

“தீப்பெட்டி?”

“அதுலயும் பாத்துட்டேன். புஸ்ஸுனு வருது, அணைஞ்சிடுது. அடுப்பு அடைச்சிகினு இருக்கும், குத்தி உட்டா சரியாப் பூடும்.”

“நேத்தும் முந்தாநாளும் தொட்டிக்கு என்ன போச்சு?”

அவன் சொன்னான். திரும்பி வந்த பாக்கெட் எல்லாம் என்றான். எவ்வளவு என்று கேட்டேன். “ரிட்டர்ன் ரூமு மொத்தம் காலி மேடம். சூப்பரா கழுவிகூட உட்டுட்டோம்.”

பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அம்மா வாசலில் மறித்தாள்.

“இன்னிக்குமா? யாருக்குடி உடம்பு சரியில்ல?”

“தொட்டிக்கு.”

அவள் சர்க்கரைப் பொங்கலை டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். காணும் பொங்கலன்று வண்டலூருக்குப் புலி பார்க்கப் போகிற குடும்பங்கள் எல்லாம் ஜி.எஸ்.டி. சாலையில் இருந்தன. ஒரு வண்டியில் ஐந்து பேர், மடியில் புளியோதரைத் தூக்கு. அவர்களோடு ஊர்ந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

கேட்டைத் தாண்டியதுமே வாசனை தெரிந்தது. நல்ல தொட்டிக்கும் வாசனை உண்டு. சேற்று வாடை, பழகிவிடும். இது வேறு. கெட்டுப்போன வெண்ணெயையும் வாந்தியையும் கலந்தது போன்ற வாடை. தனசேகர் மட்டும் சாதாரணமாக நின்றிருந்தான்.

“மாவு வாசனைதானே மேடம்? இங்க எப்பவும் அடிக்கறதுதான்.”

மீட்டரைத் தொட்டியில் விடுவதற்கு முன்னால், பிஎச் தெரிந்த கரைசல்கள் இரண்டில் அதை விட்டுப் பார்த்தேன். எதற்கு என்று சொல்ல ஒரு சின்ன விலகல்.

சில வருடங்களுக்கு முன் பெருங்களத்தூரில் புதிதாக வந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுநீர் நிலையம் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே பிஎச் எப்போதும் ஏழு. காலையில் ஏழு, மாலையில் ஏழு, மழை பெய்தாலும் ஏழு. குடியிருப்போர் சங்கச் செயலாளர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்த எண்ணைத் தினமும் கறுப்புப் பலகையில் பெருமையாக எழுதிவைப்பார். ஒருநாள் நான் மீட்டரை எலுமிச்சைச் சாற்றில் விட்டேன். ஏழு. “எங்க எலுமிச்சையும் நல்லா மெயின்டெய்ன் ஆகுது போல” என்றார் செயலாளர். அவர் சிரிக்கவில்லை, எனக்கும் சிரிப்பு வரவில்லை. மீட்டரின் முனை காய்ந்து செத்துப் போயிருந்தது. செத்த முனை பெரும்பாலும் ஏழுதான் காட்டும். நமக்கு எந்த எண் வேண்டுமோ அதே எண். இந்தத் தொழிலை யார் வடிவமைத்தார்கள் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

மாவுக் கம்பெனி மீட்டர் உயிரோடு இருந்தது. தொட்டியில் விட்டேன். ஆறுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. காரத்தன்மையைச் சோதித்தேன். கிட்டத்தட்ட ஒன்றும் மிச்சமில்லை.

அதற்குள் கோதண்டம் சார் வந்துவிட்டார். வீட்டில் விருந்தாளிகள், வெள்ளை வேட்டி சட்டை, கையில் வெற்றிலை. பிரேமா அக்காவும் அரிசி ஊறவைப்பதைப் பார்க்க வந்திருந்தார். மறுநாள் அரைப்புக்கு அரிசி ஏற்கெனவே அளந்து வைத்தாகிவிட்டது.

“இன்னாம்மா, நல்ல நாளும் அதுவுமா மூஞ்சிய இப்படி வெச்சிகினு கீறே? பலூன பாத்தியா இல்லியா?”

“பார்த்தேன் சார். அதுல எரியற வாயு கம்மி. தொட்டி புளிச்சுப் போச்சு.”

பிரேமா அக்காவுக்கு நான் சொன்னது புரியவில்லை. அவருக்கு ஏன் புரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. இருபது வருடமாக அவர் காலையில் அண்டாவைத் திறந்து, பொங்கியிருந்தால் நிம்மதி அடைந்து, பொங்காவிட்டால் பயந்து வாழ்கிறவர்.

“புளிச்சா நல்லதுதானே வித்யா? புளிச்சாத்தான் நுரைக்கும், நுரைச்சாத்தான் கேஸ் வரும். மாவு அப்படித்தானே?”

அந்த வளாகத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். வேறெந்தக் கம்பெனியிலாவது தொட்டியில் இந்த வாடை அடித்திருந்தால் முதல் நாளே பயந்திருப்பார்கள். இங்கே புளிப்பு என்பது பிழைப்பு.

“அக்கா, மாவு பொங்கின உடனே நீங்க என்ன பண்ணுவீங்க?”

“பாக்கெட் போட்டு ஃப்ரிட்ஜுல வெப்போம்.”

“வெக்கலன்னா?”

“ஓவராப் புளிச்சு, கசந்து, தூக்கித்தான் போடணும்.” சொல்லிவிட்டு அவரே தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். “ஐயோ.”

“இதை வெக்க ஃப்ரிட்ஜ் கிடையாதுக்கா.”

தனசேகர் இதற்குள் காஸ்டிக் சோடா கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். தரை கழுவ வைத்திருப்பது. “ஒரே ஒரு கேன் உட்டா ஏழுக்கு வந்துடும் மேடம். ரெண்டு நிமிஷ மேட்டரு.”

உண்மைதான், வந்துவிடும். இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். மீட்டரில் எண் திரும்பும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். ஆனால் கேன் விழுந்த இடத்தில் இருக்கும் மெதுவான கூட்டம் காரத்தில் வெந்துவிடும். பலூனில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் காஸ்டிக் உறிஞ்சும்போது பலூன் உள்பக்கமாகச் சுருங்கிக் கிழியவும் கூடும். எண்ணைச் சரிசெய்வது வேறு, தொட்டியைச் சரிசெய்வது வேறு. அவனிடம் அவ்வளவு விளக்கவில்லை. “கேனை கீழ வைங்க தனசேகர்” என்றேன். வைத்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று மூன்றைச் சொன்னேன்.

ஒன்று: தொட்டிக்கு இனி ஒரு சொட்டுக் கழிவுநீரும் போகக் கூடாது. உள்ளே இருக்கும் அமிலத்தை மெதுவான கூட்டம் தின்று முடிக்கட்டும்.

இரண்டு: காரத்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தர வேண்டும். அதற்கு ஆப்ப சோடா மூட்டை மூட்டையாக வேண்டும். சுண்ணாம்பு வேண்டாம், அடியில் கல்லாக இறுகும்.

மூன்று: அடுப்பு தொடர்ந்து எரியும்வரை முழு அரைப்பு கூடாது.

மூன்றாவதற்குத்தான் சண்டை வரும் என்று நினைத்தேன். முதலில் அதற்குத்தான் வந்தது.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஊருக்குப் போனவன் மொத்தப் பேரும் வந்து எறங்குவான். திங்கக்கெழம காலைல வூட்டுக்கு வூடு இட்லி. அன்னிக்கு நம்ம பாக்கெட்டு இல்லன்னா ஃப்ரிட்ஜுல அந்த எடத்துல வேற ஒருத்தன் வெச்சிருவான். போன எடம் போனதுதான்மா. திரும்பி வராது.”

“தெரியும் சார்.”

“எத்தினி நாளு?”

“தெரியாது சார்.”

“தெரியாதா? படிச்சவதானே நீ?”

அவர் கேட்டதில் தவறில்லை. அந்த நிமிடத்தில் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடத்தான் மனம் துடிக்கும். நாலு நாள், ஒரு வாரம். சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் இளகும். சொல்லாதீர்கள். அந்தக் கூட்டத்துக்கு நம் காலண்டர் தெரியாது. நீங்கள் சொன்ன நாள் வந்ததும் அவர்கள் பம்பைப் போட்டுவிடுவார்கள். கேட்டால், நீதானே சொன்னாய் என்பார்கள்.

“தினமும் அடுப்பைப் பத்த வெச்சுப் பார்ப்போம். எரியற அன்னிக்குச் சொல்றேன்” என்றேன்.

பிரேமா அக்காதான் நடுவில் வந்தார். “அண்ணா, மொத்தமா நிறுத்தினா பொண்ணுங்க கூலி போயிடும். பாதி அரைக்கலாம். அண்டாவ கழுவறதுக்கு முன்னாடி கரண்டியால வழிச்சிடறோம், தண்ணில மாவு போவாது. கழுவின தண்ணிய பின்னாடி சும்மா கெடக்கற பழைய டேங்குல புடிச்சு வெச்சு லாரில அனுப்பிடலாம். அரசாங்கக் கழிவுநீர் நிலையத்துல எடுத்துப்பாங்க இல்ல வித்யா?”

எடுத்துக்கொள்வார்கள் என்றேன். கோதண்டம் சார் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சரி என்றார். நான் மூச்சு விடுவதற்குள் இரண்டாவது விஷயம் அவருக்கு உறைத்தது.

“இரு இரு. இன்னா மூட்ட சொன்னே?”

“ஆப்ப சோடா சார்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். சுவர் முழுக்க, ஆள் உயர எழுத்தில், கம்பெனி பெயருக்குக் கீழே எழுதியிருந்தது: ‘சோடா கலக்காத மாவு’. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதுதான். ஒவ்வொரு வேனிலும் அதுதான்.

“என் கேட்டுக்குள்ள ஆப்ப சோடா மூட்டையா? எவனாவது போட்டோ எடுத்துப் போட்டான்னு வெச்சுக்கோ, சீல் வெக்க ஆபிசரே வர வேணாம். நானே பூட்டிக்கினு போவ வேண்டியதுதான்.”

“தொட்டிக்குத்தானே சார்.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாங்கித் துன்றவனுக்குத் தெரியுமா?”

அவர் சொன்னது சரி. கல்லூரியில் அமிலத்தன்மை பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது எதிலும் இந்தச் சுவர் இல்லை. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். தார்ப்பாய் போட்டு மூடி, இருட்டினதும் பின்பக்கமாக இறக்கலாம் என்றார். தனசேகர் தலையாட்டினான். அவனுக்கு அந்த மாதிரி வேலை பிடிக்கும்.

பிரேமா அக்கா தலையாட்டவில்லை. “ஒளிச்சு எறக்கினா அது மாவுக்குத்தான்னு நம்ம பொண்ணுங்களே சொல்லுவாங்க அண்ணா. பட்டப்பகல்ல எறக்குங்க. நான் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்களோ, அதையே எல்லாருக்கும் சொல்லுங்க.”

நானும் அதையே சொன்னேன். தொட்டிக்கு என்று எழுதி, எல்லாரும் பார்க்க இறக்குங்கள் என்றேன். எனக்கு உறுதியாகத் தெரிந்து சொன்னதா என்றால், இல்லை. ஒளித்துச் செய்வதற்கு இன்னொரு பொய் தேவைப்படும், அதைக் காப்பாற்ற என்னிடம் தெம்பு இல்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

மறுநாள் பகலில் மூட்டைகள் வந்தன. தனசேகர் சிவப்புப் பெயின்டில் ஒவ்வொன்றிலும் ‘தொட்டிக்கு மட்டும்’ என்று எழுதினான். கோதண்டம் சார் கேட்டிலேயே நின்றுகொண்டு, கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படியும் படம் வெளியே போனது. மாவு ஏற்ற வந்த வேன் டிரைவர் ஒருவர் எடுத்தது. சிவப்பு எழுத்துப் பக்கம் படத்தில் இல்லை, ‘ஆப்ப சோடா’ என்று அச்சடித்த மறுபக்கம்தான் இருந்தது. பின்னால் சுவர். ‘சோடா கலக்காத’ என்ற இரண்டு சொற்களும் தெளிவாக விழுந்திருந்தன. சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கத்துக் குடியிருப்புக் குழுக்கள் எல்லாவற்றிலும் அது சுற்றியது. கோதண்டம் சாரின் போன் நிற்காமல் அடித்தது. சில கடைக்காரர்களைத் தொட்டியைப் பார்க்க வரச்சொன்னார். இரண்டு பேர் வந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு, நம்புகிறோம் என்று சொல்லிவிட்டு, ஆர்டர் கொடுக்காமல் போனார்கள். தாம்பரம் மேற்கில் ஒரு வரிசைக் கடைகள் முழுக்க வேறு கம்பெனி பாக்கெட்டுக்கு மாறின.

அவர் என்னைத் திட்டவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எதையாவது சொல்ல வேண்டுமானால், நான் எதிரில் நிற்கும்போதே தனசேகரிடம் சொல்வார். “அந்தம்மாகிட்ட கேளு, இன்னிக்காவது எரியுமான்னு.” தனசேகர் என் பக்கம் திரும்பி, “இன்னிக்காவது எரியுமான்னு கேக்கறார் மேடம்” என்பான். நான் தெரியாது என்பேன். “தெரியாதாம் சார்.” இப்படியே நாட்கள் போயின.

காத்திருக்கும் வேலையைப் பற்றி யாரும் எழுதிவைப்பதில்லை, எழுத அதில் ஒன்றும் இல்லை. காலையில் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் விடுவோம். உள்ளே இருக்கும் தண்ணீரை மெதுவாகச் சுற்றவிடுவோம். காரத்தன்மை பார்ப்போம், அமிலம் பார்ப்போம். பிஎச்சைக் கடைசியாகப் பார்ப்போம். பிறகு அடுப்பு. முதல் சில நாட்கள் தீக்குச்சியின் தீயையே அது அணைத்தது. பிறகு ஒருநாள் பற்றியது, தீ அடுப்பை விட்டு எழும்பித் துள்ளி அணைந்துவிட்டது. தனசேகர் குதித்தான். நான் பம்பைப் போடவில்லை. இதுதான் கஷ்டமான நாள். தொட்டி செத்துக்கொண்டிருக்கும்போது யாரும் அவ்வளவாக வற்புறுத்த மாட்டார்கள். கொஞ்சம் பிழைத்ததும்தான் போடு போடு என்பார்கள். பிரேமா அக்காகூட, “அதான் பத்திக்கிச்சே” என்றார். அவரிடம் இல்லை என்று சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சிரமமாக இருந்தது. பாதி அரைப்பில் அவர் பெண்களில் பாதிப் பேர் முறை வைத்து வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நாட்களில் எனக்குள் ஓடிய பட்டியலையும் எழுதிவிடுகிறேன். மெதுவான கூட்டம் உள்ளே உயிரோடு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றால், கடைகளும் போய், தொட்டியும் போய், நான் சொன்னதைக் கேட்ட ஒரே குற்றத்துக்காக ஒரு கம்பெனி மூடும். காஸ்டிக் விட்டு முழு அரைப்பு ஓட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் மூடியிருக்கும் என்று என் படிப்பு சொல்கிறது. அதை நிரூபித்துக் காட்ட என்னிடம் இன்னொரு தொட்டி இல்லை. எடுத்த முடிவு சரியா என்று நமக்குப் பெரும்பாலும் தெரியவராது. எடுக்காத முடிவு எங்கேயும் போய் நடந்துகாட்டுவதில்லை.

இதற்கிடையில் குன்றத்தூர் மாட்டுக்காரர் வந்தார். பொங்கல் நல்லபடியாக முடிந்தது என்றும், இப்போது பழைய மாவு இருந்தால் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். பிரேமா அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் ஓரடி பின்னால் போனார். “உன் மாட்டுக்கு ஒரு நாள் நாக்கு ருசி, எங்களுக்கு இங்க உசுரு போச்சு” என்றார். மாட்டுக்காரர் பாவம், ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் தன் மாட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். வராத நாளுக்கு என்ன செய்வது என்று நாங்கள் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

ஒரு காலை நான் உள்ளே நுழையும்போது தனசேகர் கேட்டில் இல்லை. கேன்டீனில் இருந்தான். அடுப்பில் பாத்திரம் இருந்தது. கீழே தீ, வெளிறிய நீலம், அடுப்போடு ஒட்டி, அசையாமல். அவன் பேசாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். தண்ணீர் கொதிக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கொதித்தது. பால் கொதித்தது. தீ அப்படியே இருந்தது.

பிரேமா அக்கா வந்து டீத்தூளைப் போட்டார். கோதண்டம் சார் எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை. ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

“சக்கர பத்தல” என்று என்னிடம் சொன்னார். தனசேகரிடம் சொல்லவில்லை, என்னிடமே.

அன்று தொட்டிக்குக் கொஞ்சம் கழிவுநீர் விட்டோம். மறுநாள் அதே அளவு. அதற்கடுத்த நாளும் அதே அளவுதான். யாரும் சண்டை போடவில்லை. எல்லாரும் களைத்திருந்தோம்.

இன்றைய நிலை இது. தொட்டி உயிரோடு இருக்கிறது. ஏரிக்கு நல்ல தண்ணீர்தான் போகிறது, கம்பெனிக்குச் சீல் வைக்கவில்லை. அரைப்பு பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை. தாம்பரம் மேற்குக் கடைகள் திரும்பவில்லை, திரும்பும் என்று கோதண்டம் சாரும் எதிர்பார்க்கவில்லை. பாக்கெட் போடும் பெண்களில் சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சுவரில் எழுதியது அப்படியே இருக்கிறது. சோடா மூட்டைகள் கேட்டுக்குப் பக்கத்தில், சிவப்பு எழுத்து வெளியே தெரியும்படி அடுக்கியிருக்கின்றன. ரிட்டர்ன் அறைச் சாவி பிரேமா அக்காவிடம். அடுத்த பொங்கல் வாரத்துக்கு வேறொரு மாட்டுக்காரரைக் கேட்டிருக்கிறார்கள், அவரும் அதே பதிலைத்தான் சொன்னார். அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை, அது உங்கள் வேலை. கேன்டீன் லீவு நாட்களிலும் அடுப்பைப் பற்றவைத்துப் பார்க்க வேண்டும். இன்று காலை எரிந்தது.